வெங்கமேட்டு யூனிட்டுக்கு வராமலேயே வேலை பாத்த பிள்ளைங்க

கரூர் வெங்கமேட்டுல எங்களுக்கு 14 மெஷின் போட்ட சின்ன யூனிட். கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் கிளாத் தைக்கிறோம். அப்பா ஆரம்பிச்சது, இப்ப நான் பாத்துக்கறேன். ரொம்ப வருஷம் எக்ஸ்போர்ட்டர்களுக்கு ஜாப் ஒர்க் மட்டும்தான், அவங்க அளவும் விவரமும் எழுதின ஸ்பெக் ஷீட் குடுப்பாங்க, நாங்க வெட்டித் தச்சு பிசிறு எடுத்து செக்கிங் முடிச்சு அனுப்பிருவோம், துணியைப் பத்தி நாலு வரி எழுத வேண்டிய அவசியமே வந்ததில்ல. சொந்தமா விக்கலாம்னு இறங்கினப்பதான் கையில ஒரு கேட்டலாக் கூட இல்லைன்னு உறைச்சுது.

இங்கிலீஷ் நல்லா எழுதற, எக்செல் தெரிஞ்ச பிள்ளைங்க ரெண்டு மாச இன்டர்ன்ஷிப்புக்கு கரூர் வருவாங்களா? சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர்னு போயிருவாங்க. வந்தாலும் நாங்க குடுக்கற காசு ஹாஸ்டலுக்கே சரியாப் போயிரும். சரி, வீட்ல இருந்தே பாக்கட்டும்னு 2022 ஜூன்ல முதல் தடவை ஒரு பொண்ணை எடுத்தோம், திருநெல்வேலிப் பக்கம், பிபிஏ கடைசி வருஷம்.

அது சரியா வரல. தப்பு முழுக்க என்னோடது. "நம்ம இன்ஸ்டாகிராம் பேஜைப் பாத்து ஏதாவது பண்ணும்மா"ன்னு சொல்லிட்டு ஷிப்மெண்ட் அவசரத்துல ஓடிட்டேன். தினமும் காலைல "குட் மார்னிங்க்கா, இன்னைக்கு என்ன பண்ணட்டும்"னு மெசேஜ் போடும், நான் ராத்திரி ஒம்பது மணிக்குத்தான் பாப்பேன். பதினோராவது நாள் மெசேஜ் நின்னு போச்சு. இப்ப நினைச்சாலும் சங்கடமா இருக்கு. பக்கத்துல உக்காந்திருக்கற பிள்ளைன்னா சும்மா இருக்கறது கண்ணுல பட்டு ஒரு வேலையாவது குடுத்திருப்பேன்.

அடுத்த வருஷம் நாகர்கோவில்ல ஒரு பொண்ணு, தஞ்சாவூர்ல ஒரு தம்பி. இந்தத் தடவை முன்னாடியே மூணு வேலை எழுதி வச்சேன்: 60 டிசைனுக்கு விவரம் எழுதறது, போட்டோவுக்கும் ஸ்டாக்குக்கும் ஒரே நம்பர் போட்டு எக்செல்ல ஏத்தறது, வாங்கக்கூடிய ஹோம்ஸ்டே, கஃபே லிஸ்ட் எடுக்கறது. தினமும் மூணரை மணி டீ டைம்ல அரை மணி நேரம் வீடியோ கால், எந்த ஷிப்மெண்டுக்காகவும் அதைத் தள்ளிப் போடறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். பத்து டிசைன்ல துண்டுத் துணி வெட்டி ரெண்டு வீட்டுக்கும் கூரியர் பண்ணோம், தொட்டுப் பாக்காத துணியைப் பத்தி யாரால எழுத முடியும்?

ரெண்டாவது வாரம் நாகர்கோவில் பொண்ணு கேட்டுச்சு, "அக்கா, 220 ஜிஎஸ்எம்னு போட்டிருக்கீங்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க?" போனைத் தூக்கிட்டு கட்டிங் டேபிளுக்குப் போனேன். மாஸ்டர் அண்ணன் ரவுண்டு கட்டரைத் துணி மேல அமுக்கித் திருப்பினார், 100 சதுர சென்டிமீட்டர்ல ஒரு வட்டம் வந்துச்சு, தராசுல வச்சா 2.2 கிராம், நூறால பெருக்கினா 220, அதான் ஒரு சதுர மீட்டர் துணியோட எடை. பாத்து முடிச்சதும் அடுத்த கேள்வி. "டவலுக்கு 50க்கு 70 சென்டிமீட்டர்னு போட்டிருக்கறது துவைக்கறதுக்கு முன்னாடி அளவாக்கா, துவைச்சப்புறமா?"

எனக்கும் மாஸ்டர் அண்ணனுக்கும் பதில் தெரியல. அன்னைக்கு சாயந்திரமே மூணு டவலைத் துவைச்சுக் காயப்போட்டு அளந்தோம். 70 இருக்க வேண்டிய இடத்துல 66.5. ஆன்லைன்ல வாங்கின ரெண்டு மூணு பேர் சைஸ் கம்மின்னு சொன்னப்பல்லாம் கட்டிங்லதான் தப்புன்னு நான் மாஸ்டரைக் கோவிச்சிருக்கேன். அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன். இப்ப ரெண்டு அளவையும் சேத்துப் போடறோம்.

இன்டர்ன் வச்சா சம்பளம் மிச்சம்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்குக் கிடைச்சது வேற. இங்கயே இருக்கறவங்க பாத்துப் பாத்துப் பழகிக்குவாங்க, யாரும் எதையும் விளக்க வேண்டியதில்ல, தூரத்துல இருக்கற பிள்ளைக்கு ஒவ்வொண்ணையும் வாய் விட்டுச் சொல்லணும், சொன்னதை அது எழுதி வைக்கும். அப்பா தலைக்குள்ளயும் மாஸ்டர் கையிலயும் இருந்த தொழில் அப்படித்தான் 38 பக்க நோட்டா மாறுச்சு. தஞ்சாவூர் தம்பி நம்பர் போடும்போதுதான் ஒரே டிசைன் எங்ககிட்ட மூணு வேற வேற பேர்ல ஓடிட்டு இருந்ததே தெரிஞ்சுது.

காசு விஷயத்துல நான் கண்டிப்பு. 2024 மத்திய பட்ஜெட்ல அறிவிச்ச பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்துல மாசம் 5000 ரூபாய்னு சொன்னாங்க, ஆனா அது 500 பெரிய கம்பெனிகளுக்கானது, எங்க மாதிரி யூனிட்டுக்கு அதுல இடம் இல்ல. இருந்தாலும் அதே 5000 நாங்க கைக்காசுல குடுக்கறோம். சர்டிஃபிகேட்டை மட்டும் காட்டி பிள்ளைங்க உழைப்பை சும்மா வாங்கறது எனக்குச் சம்மதமில்ல. பையர் ரேட், பேங்க் விவரம் மட்டும் வெளிய போகாத மாதிரி தனி லாகின்.

2025 ஆகஸ்ட் 27ல அமெரிக்கா இந்தியச் சரக்கு மேல போட்ட கூடுதல் வரியை 50 சதவீதமாக்கினதும் ஜாப் ஒர்க் பாதியா குறைஞ்சுது. அந்த நேரத்துல அனுப்பறதுக்கு ஒரு கேட்டலாக் இருந்துச்சு, பிள்ளைங்க எடுத்த லிஸ்ட்டும் இருந்துச்சு. கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் ஹோம்ஸ்டேக்காரங்க ஆறு பேர் ஆர்டர் குடுத்தாங்க. சின்ன ஆர்டர்தான், ஆனா நாலு மெஷின் நிக்காம ஓடுச்சு.

வர்ற ஜூனுக்கு மறுபடி ரெண்டு பேர் எடுக்கறோம். நேத்து மாஸ்டர் அண்ணன் வந்து, "பிசிறு எடுக்கறதையும் ஒரு வீடியோ பிடிச்சுரும்மா, அந்தப் பிள்ளைங்க எப்படியும் கேக்கும்"னார்.