சிரங்கு: வீடு முழுக்க ஒரே இரவில் மருந்து பூசுவது எப்படி

மருந்து பூசியும் சிரங்கு போகவில்லை என்று வருகிறவர்களிடம் தோல் நோய்ப் பிரிவில் நாங்கள் முதலில் கேட்பது மருந்தின் பெயரை அல்ல. வீட்டில் எத்தனை பேர், அத்தனை பேரும் ஒரே இரவில் பூசினீர்களா என்றுதான் கேட்போம். பெரும்பாலும் வரும் பதில்: "அரிப்பு இருந்தவருக்கு மட்டும்தான் பூசினோம். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லையே?"

அந்த 'ஒன்றும் இல்லை' நம்பக்கூடியது அல்ல. முதல் தடவை சிரங்குப் பூச்சி தொற்றும்போது அரிப்பு தொடங்க 4 முதல் 6 வாரம் ஆகும். அரிப்பு என்பது பூச்சிக்கும் அதன் கழிவுக்கும் உடம்பு காட்டும் ஒவ்வாமை. உடம்பு அதை இனங்கண்டுகொள்ள அவ்வளவு நாள் வேண்டும். அதுவரை அவர் நிம்மதியாகத் தூங்குவார், பக்கத்தில் படுப்பவருக்குப் பூச்சியையும் கொடுத்துக்கொண்டிருப்பார். ஏற்கெனவே ஒருமுறை வந்து போனவருக்கு மறுபடி தொற்றினால் ஓரிரு நாளிலேயே அரிக்கும். சிகிச்சை எடுத்தவர் மறுவாரமே சொறிய ஆரம்பிப்பதும், அதைப் பார்த்து மருந்தில் குறை காண்பதும் இதனால்தான்.

பூச்சி என்று சொன்னாலும் இது எட்டுக் கால் உண்ணி வகை. பெண் பூச்சி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தோலின் மேலடுக்கைக் குடைந்துகொண்டே போய் நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இடும். முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும், அடுத்த தலைமுறை முட்டையிட இரண்டு வாரம் போதும். உடம்பெல்லாம் சொறிந்துகொள்ளும் ஒருவர் மேல் மொத்தமே பத்துப் பதினைந்து பூச்சிகள்தான் இருக்கும் என்றால் பலருக்கும் நம்ப முடிவதில்லை. புள்ளிகளில் பெரும்பாலானவை ஒவ்வாமைத் தடிப்பு. அவற்றுக்குள் பூச்சி கிடையாது. அதனால் புள்ளி தெரிகிற இடத்தில் மட்டும் மருந்தைத் தொட்டு வைப்பது வீண்.

கண்டுபிடிக்க மூன்று விஷயம் பார்க்கிறோம். இரவில் படுத்ததும் அரிப்பு ஏறுகிறதா? வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறதா? எந்தெந்த இடத்தில்? விரலிடுக்கு, மணிக்கட்டின் உள்பக்கம், முழங்கை, அக்குள், தொப்புளைச் சுற்றி, இடுப்பு, பிட்டம், பெண்களுக்கு மார்புக் காம்பைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பில். இந்த வரிசையில் இரண்டு மூன்று இடம் ஒத்துப்போனால் சந்தேகம் பலமாகிறது. பெரியவர்களுக்கு முகத்தில் அநேகமாக வராது. கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலை, முகம் எங்கும் வரும். விரலிடுக்கை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சில மில்லிமீட்டர் நீளத்தில், சாம்பல் நிறத்தில், வளைந்த மெல்லிய கோடு தெரியலாம். அதுதான் பூச்சி குடைந்த பாதை. அந்த இடத்தில் பேனா மையைத் தடவி, உடனே ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால், மேல் மை போய்விடும், பாதைக்குள் இறங்கிய மை மட்டும் கோடாக நிற்கும். கோடு தெரியாததால் சிரங்கு இல்லை என்று ஆகிவிடாது. சொறிந்து சொறிந்தே பாதை அழிந்திருக்கும். சிரங்கோடு குழப்பிக்கொள்ளும் நோய்களில், படர்தாமரை வட்டமாக, ஓரம் தூக்கலாகப் பரவும். கரப்பான் (எக்ஸிமா) முழங்கை, முழங்கால் மடிப்புகளில் வறண்டு தடித்து வரும், வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக வராது. குழப்பமாக இருந்தால் மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார், அல்லது தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப் கருவியில் பார்ப்பார்.

கேஸைச் சிக்கலாக்குவது, கடையில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு க்ரீம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், தடிப்பு மங்கும், பூச்சி மட்டும் சௌகரியமாகப் பெருகும். ஒரு மாதம் பூசிவிட்டு வருகிறவரின் தோலைப் பார்த்து இன்ன நோய் என்று சொல்வது எங்களுக்கே கஷ்டம்.

இனி மருந்து. முதல் தேர்வு பெர்மெத்ரின் 5% க்ரீம். 2 மாதம் நிறைந்த குழந்தை முதல் எல்லோருக்கும் ஆகும்; கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பூசலாம். 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஒரு தடவைக்கு 30 கிராம், அதாவது ஒரு முழு ட்யூப். பருமனானவருக்கு இரண்டு ட்யூப் வரை தேவைப்படும். 6 முதல் 12 வயதுக்கு அரை ட்யூப், 1 முதல் 5 வயதுக்குக் கால் ட்யூப், அதற்கும் சிறிய குழந்தைக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு ட்யூப். இரண்டு பெரியவர், 8 வயதில் ஒன்று, 4 வயதில் ஒன்று என்று நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு சுற்றுக்கு இரண்டே முக்கால் ட்யூப். இரண்டு சுற்றுக்கு ஐந்தரை, ஆகவே ஆறு ட்யூப். ஒரே ஒரு ட்யூப் வாங்கி நான்கு பேரும் பங்குபோட்டுக்கொள்வதை அடிக்கடி பார்க்கிறோம். அதைவிட வாங்காமலே இருக்கலாம்.

ஐவர்மெக்டின் மாத்திரை இன்னொரு வழி. கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 12 மி.கி. சாப்பாட்டோடு எடுத்தால் நன்றாக உடம்பில் ஏறும். 7 முதல் 14 நாள் கழித்து இரண்டாவது டோஸ் கட்டாயம், ஏனென்றால் இது முட்டையைக் கொல்லாது. 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வேண்டாம். விடுதி, முதியோர் இல்லம் போல ஒவ்வொருவரையும் பூசவைக்க முடியாத இடங்களில் இதுதான் கைகொடுக்கும். ஃபிஜித் தீவுகளில் நடந்து 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஊரில் எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுத்த இடங்களில் சிரங்கு ஓராண்டில் 32 சதவீதத்திலிருந்து 2 சதவீதத்துக்கு இறங்கியது. நோய் உள்ளவருக்கும் அவர் வீட்டாருக்கும் மட்டும் பெர்மெத்ரின் கொடுத்த இடங்களில் 37-லிருந்து 19 வரைதான் இறங்கியது.

2 மாதம் ஆகாத குழந்தைக்கு மருத்துவர் கந்தகக் களிம்பு எழுதுவார். நாற்றம் அடிக்கும், துணியில் கறை படியும், மூன்று இரவு தொடர்ந்து பூச வேண்டும்; ஆனால் பழகிய, பாதுகாப்பான மருந்து. பென்சைல் பென்சோயேட் 25% வேலை செய்யும், சொறிந்து புண்ணான தோலில் தீயாய் எரியும். லிண்டேன் நரம்பைப் பாதிக்கக்கூடியது, அதன் பக்கம் போக வேண்டாம்.

மருந்து பூசும் இரவுக்கு வருவோம். வீட்டில் படுத்துறங்கும் அத்தனை பேரும் இருக்கிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர் வரட்டும் என்று இரண்டு நாள் தள்ளிப்போடுவதில் தவறில்லை. அவரை விட்டுவிட்டுப் பூசுவதுதான் தவறு. அன்று மாலையே எல்லோருக்கும் நகம் வெட்டிவிட வேண்டும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் கழற்ற வேண்டும். சுடுநீரில் குளித்த கையோடு பூசக் கூடாது; சூட்டில் மருந்து தோலில் தங்காமல் உடம்புக்குள் கூடுதலாகப் போகும். தோல் ஆறி, ஈரம் உலர்ந்திருக்க வேண்டும்.

தாடைக்குக் கீழிருந்து தொடங்கிக் காதுக்குப் பின்புறம், கழுத்து, தோள் என்று இறங்குங்கள். முதுகை இன்னொருவர்தான் பூச வேண்டும், தானே பூசினால் நடு முதுகு விட்டுப்போகும். பிறகு அக்குள், மார்புக்கு அடிமடிப்பு, தொப்புளுக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு, பிட்ட இடுக்கு, முழங்காலின் பின்பக்கம், கால்விரல் இடுக்கு, உள்ளங்கால். கையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு விரலிடுக்காக, மணிக்கட்டைச் சுற்றி, நகக்கண்ணுக்கு அடியில். நகத்தடிக்கு ஒரு பழைய பல் துலக்கியில் க்ரீமைத் தொட்டுத் தேய்த்து, பிறகு அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சொறியும்போது பூச்சி போய் ஒளிவது அங்கேதான். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் முதியவருக்கும் கண், வாய் தவிர்த்து முகத்திலும் தலையிலும் பூச வேண்டும். குழந்தை விரல் சப்பும் என்றால் கையுறை மாட்டிவிடலாம்.

க்ரீம் வெள்ளையாகத் திட்டுத்திட்டாக நிற்க வேண்டியதில்லை, மெலிதாகத் தேய்த்தால் மறைந்துவிடும். மறைந்ததால் போய்விட்டதோ என்று மேலே மேலே அப்பாதீர்கள்.

8 முதல் 12 மணி நேரம் இருக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் பூசி, காலை 7 மணிக்குக் குளித்தால் சரி. இடையில் கை கழுவினால் கையில் மறுபடி பூசுங்கள். பாதிக் கேஸ் இங்கேதான் கோட்டை விடுகிறது: பூசியபின் பாத்திரம் கழுவுவார்கள், குழந்தைக்குக் கால் கழுவிவிடுவார்கள், சோப்போடு மருந்து போய்விடும், பூச்சி அதிகம் இருப்பதோ கையில். பால் கொடுக்கும் தாய், கொடுப்பதற்கு முன் மார்பைத் துடைத்துக் கழுவிவிட்டு, கொடுத்தபின் மறுபடி பூச வேண்டும். லேசாகக் குறுகுறுப்பதும் எரிவதும் சகஜம். 24 மணி நேரம் வைத்திருந்தால் கூடுதல் பலன் இல்லை, தோல்தான் வெந்துபோகும்.

காலையில் குளித்துத் துவைத்த துணி உடுத்துங்கள். கடந்த மூன்று நாளில் உடுத்திய துணி, துண்டு, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்துக் காயவையுங்கள். துவைக்க முடியாத கம்பளி, பொம்மை போன்றவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் ஓரமாக வைத்துவிடுங்கள். மனித உடம்பை விட்டால் இந்தப் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. அவ்வளவு போதும். வீடு முழுக்கப் பூச்சிமருந்து அடிப்பது, மெத்தையை வெளியே எறிவது எல்லாம் வீண் வேலை. தோலும் தோலும் பத்துப் பதினைந்து நிமிடம் ஒட்டியிருந்துதான் இது பெரும்பாலும் பரவுகிறது.

ஏழாம் நாள் இரண்டாம் சுற்று. எல்லோருக்கும், அதே போல, அதே அளவு. அரிப்பு குறைந்துவிட்டது என்று இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. முதல் சுற்றில் தப்பிய முட்டை பொரிந்து, அது வளர்ந்து மறுபடி முட்டையிடுவதற்குள் பிடிப்பதற்காக வைத்த நாள் அது.

பூச்சி செத்த பிறகும் அரிக்கும். செத்த பூச்சியும் கழிவும் தோலுக்குள் இருக்கிறவரை, இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு நீடிக்கலாம்; முதல் சில நாள் கூடக்கூடச் செய்யலாம். இந்த நேரத்தில் பயந்துபோய்த் தினமும் பெர்மெத்ரின் பூசுகிறவர்கள் தோலை வறட்டி, அந்த வறட்சியால் இன்னும் அரிப்பை வரவழைத்துக்கொள்கிறார்கள். வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் இரண்டு வேளை, இரவில் மருத்துவர் சொல்லும் அரிப்பு மாத்திரை. ஸ்டீராய்டு க்ரீமுக்கு இப்போதுதான் இடம், அதுவும் மிதமானது, சில நாளுக்கு. அக்குளிலும் ஆண் பிறப்புறுப்பிலும் செம்பழுப்பு முடிச்சுகள் சில மாதம் கூட நிற்கும், அவை தொற்றாது.

உண்மையிலேயே போகவில்லை என்பதற்கு அடையாளம், நான்கு வாரம் கழித்தும் புதிய பாதைக்கோடு அல்லது புதிய கொப்புளம் வருவது. சமீப வருடங்களில் பெர்மெத்ரின் முன்போல் கேட்பதில்லை என்ற பேச்சு தோல் மருத்துவர்களிடையே இருக்கிறது, அதை மறுக்க மாட்டோம். ஆனாலும் மருந்தை மாற்றும் முன் யார் பூசவில்லை, எந்த இடம் விட்டுப்போனது, எத்தனை ட்யூப் வாங்கினார்கள் என்று ஒருமுறை விசாரித்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

சில நிலைகளில் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். புண்ணில் சீழ் கட்டி, தேன் நிறத்தில் பொருக்கு ஆனால் பாக்டீரியா ஏறிவிட்டது, ஆன்டிபயாடிக் வேண்டும். அப்படிப் புண்ணான குழந்தைக்குச் சில வாரத்தில் முகம் வீங்கினாலோ சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலோ அன்றே சிறுநீரகத்தைப் பரிசோதிக்க வேண்டும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் பின்விளைவு அது. படுத்த படுக்கையான முதியவருக்கோ எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கோ கையிலும் காலிலும் தடித்த செதில் படிந்து, அரிப்பும் அவ்வளவாக இல்லாமல் இருந்தால் அது வேறு வடிவம். அங்கே பூச்சி ஆயிரக்கணக்கில், சில சமயம் லட்சக்கணக்கில் இருக்கும். உதிரும் செதிலிலிருந்தே மற்றவருக்குத் தொற்றும். க்ரீமும் மாத்திரையும் சேர்த்துப் பல டோஸ், மருத்துவமனையில்.

நாயிடமிருந்து வந்ததா என்று கேட்பார்கள். நாயின் சிரங்குப் பூச்சி மனிதனைக் கடித்து அரிக்கவைக்கும், ஆனால் மனிதத் தோலில் பெருகாது. நாய்க்குச் சிகிச்சை கொடுத்தால் தானே அடங்கும். பிள்ளையைப் பள்ளிக்கு எப்போது அனுப்பலாம் என்பது அடுத்த கேள்வி. முதல் சுற்று முடிந்து குளித்த அன்று காலையே அனுப்பலாம். பள்ளியில் சொல்லிவிட்டு அனுப்புங்கள், பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும் பிள்ளைகளின் வீட்டிலும் பார்த்துக்கொள்வார்கள்.