2^127 − 1: லூகா–லேமர் சோதனையைப் பைதானில் எழுதிப் பார்த்தது

170141183460469231731687303715884105727. மொத்தம் 39 இலக்கம். இது பகா எண்தான் என்று 1876-இல் பிரான்சின் கணிதவியலாளர் எதுவார் லூகா கையாலேயே கணக்குப் போட்டு நிறுவினார். 1951 வரை இதைவிடப் பெரிய பகா எண் எதுவும் யாருக்கும் தெரியாது. அவருடைய முறையை அமெரிக்கக் கணிதவியலாளர் லேமர் பின்னாளில் சுருக்கிக் கொடுத்த வடிவம்தான் இங்கே பைதான் என்ற நிரல் மொழியில் எழுதியது.

முறை சின்னது. 4-இல் தொடங்க வேண்டும். வர்க்கம் எடுத்து, 2 கழித்து, சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்கைவிட 2 குறைவான தடவை இப்படிச் செய்தபின் மீதி 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். அடுக்கு 127 என்றால் 125 சுற்று.

நேரே 127-க்குப் போகாமல் முதலில் 2^7 − 1-ஐப் போட்டுப் பார்ப்பது நல்லது. 4, 14, 67, 42, 111, 0 என்று ஐந்தே சுற்றில் முடியும், தாளிலேயே சரிபார்க்கலாம்.

இந்த முறையின் அழகு வகுத்தலில் இருக்கிறது, ஏனென்றால் வகுக்கவே வேண்டாம். 67-இன் வர்க்கத்தில் 2 போக 4487. இது 35 × 128 + 7 (128 என்பது 2^7). மேல் துண்டு 35, கீழ் துண்டு 7, கூட்டினால் 42. அதுவே மீதி. 128-ஐ 127-ஆல் வகுத்தால் 1 மிஞ்சுவதால் இது எப்போதும் பொருந்தும். நிரலில் இதற்கு ஒரு வலப்பெயர்ப்பு (பிட்களை வலப்பக்கம் தள்ளி மேல் துண்டை எடுப்பது), ஒரு பிட் மறைப்பு (கீழ் துண்டை மட்டும் வைத்துக்கொள்வது), ஒரு கூட்டல் போதும்.

தப்பு நடப்பதும் அங்கேதான். கடைசிச் சுற்றில் 111-இன் வர்க்கத்தில் 2 போக 12319, அதாவது 96 × 128 + 31. கூட்டினால் 127! 0 வராது. நிரல் 0-ஐ மட்டும் தேடினால் உண்மையான பகா எண்ணையே பகு எண் என்று சொல்லிவிடும், பிழைச் செய்தியும் வராது. கூட்டிய பிறகு விடை சோதிக்கும் எண்ணுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் அதை ஒரு முறை கழித்துவிட வேண்டும். ஒரு முறைக்கு மேல் தேவைப்படாது.

அடைப்புக்குறியும் முக்கியம். பைதானில் கூட்டல் முதலில் நடக்கும், பெயர்ப்பும் மறைப்பும் பிறகுதான். இரண்டு துண்டையும் தனித்தனி அடைப்புக்குள் போடாவிட்டால் விடை குப்பை. அடுக்கு 2-ஐத் தனியாக விலக்க வேண்டும்: சுற்றே இல்லாததால் 3 பகு எண் என்று வந்துவிடும். 2^19937 − 1-ஐச் சோதிக்கலாம், ஆனால் அச்சிடப் போனால் புதிய பைதான் பிழை தரும். எண்ணை எழுத்தாக மாற்ற அதில் 4300 இலக்கம்தான் வரம்பு. இதற்கு 6002 இலக்கம். வரம்பை நிரலிலேயே உயர்த்திக்கொள்ளலாம்.

130-க்குள் ஒற்றைப்படைப் பகா அடுக்குகளை எல்லாம் ஓட்டினால் 3, 5, 7, 13, 17, 19, 31, 61, 89, 107, 127 மட்டும் தேற வேண்டும். இப்படிப் பகா எண் தரும் அடுக்குகள் என்று பிரெஞ்சு அறிஞர் மெர்சென் 1644-இல் தந்த பட்டியலில் 61, 89, 107 இல்லை. தேறாத 67 இருக்கிறது.

67 தேறாது என்று இந்தச் சோதனை சொல்லும், காரணியைச் சொல்லாது. அதற்கு வேறு வழி: காரணி எதுவானாலும் 134-இன் மடங்கோடு 1 கூட்டியதாக இருக்கும், 8-ஆல் வகுத்தால் 1 அல்லது 7 மிஞ்சும். அந்த எண்களை மட்டும் வரிசையாக எடுத்து, 2^67-ஐ வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்த்துப் போனால், 14,45,580-ஆவது மடங்கில் 193707721 அகப்படுகிறது. இன்னொரு காரணி 761838257287. அமெரிக்கக் கணிதவியலாளர் கோல் 1903-இல் அறிவித்த அதே ஜோடி.