ஒற்றைக் கோடு

நர்சிங் படிக்கும்போது எங்கள் டியூட்டர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லியே மண்டையில் ஏற்றிவிட்டார்: எழுதாதது செய்யாததற்குச் சமம். காய்ச்சல் பார்த்தால் எழுது, ஊசி போட்டால் எழுது, நேரத்தைப் போடு, கையெழுத்துப் போடு. நோயாளி 'சோகமாக இருந்தார்' என்று எழுதக் கூடாது. 'சாப்பாடு வேண்டாம் என்றார், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்' என்றுதான் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் வொயிட்னர் கூடாது, கிறுக்கி மறைக்கவும் கூடாது. ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் இனிஷியல், தேதி.

பதினைந்து வருஷம் அப்படியே ரிப்போர்ட் எழுதினேன். எனக்கென்று ஒரு வரி எழுதியதில்லை.

2021 மே மாதம். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,000 பேருக்கு மேல் தொற்று பதிவான சமயம். எனக்குக் கோவிட் வார்டில் நைட். காலையில் பிபிஇ கிட்டைக் கழற்றி, கை கழுவி, போனை எடுத்தால் தம்பியிடமிருந்து பதினோரு மிஸ்டு கால். அம்மா விடியற்காலை நாலு மணிக்குப் போய்விட்டாள். கோவிட் இல்லை, நெஞ்சுவலி.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். போனேன். வார்டிலிருந்து வந்தவள் என்பதால் தெருவில், வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டேன். யாரும் தடுக்கவில்லை, நானாகத்தான் நின்றேன். எத்தனையோ பேருக்குக் கண்ணை மூடி, தாடையைக் கட்டி, துணி சுற்றி அனுப்பிய கை இது. அம்மாவைத் தொடவில்லை.

தங்கியிருந்த லாட்ஜ் அறைக்குத் திரும்பியதும் தூக்கம் வரவில்லை. பையில் மெடிக்கல் ரெப் கொடுத்த டைரி கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் அசிடிட்டி மாத்திரை விளம்பரம். அதில் எழுதினேன்.

'காலை 10.20. மாம்பழக் கலர் சேலை. மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். நெற்றியில் ஒரு ரூபாய். 11.05. தூக்கினார்கள். நான் அழவில்லை.'

கீழே கையெழுத்தும் போட்டேன். பழக்கதோஷம்.

அப்புறம் தினமும் எழுதினேன். எனக்கே இன்டேக் சார்ட் போட்டுக்கொண்டேன். இட்லி ஒன்று, காபி மூன்று, தூக்கம் இரண்டு மணி நேரம். நாலாம் நாள், 'இட்லி பாதி' என்று எழுதியவள் அடுத்து 'அம்மா இருந்தால் திட்டியிருப்பாள்' என்று எழுதிவிட்டேன். டியூட்டர் பார்த்தால் ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டிருப்பார். அந்த வரியில்தான் அழுகை வந்தது. பக்கத்து அறை சிஸ்டர் கதவைத் தட்டும் அளவுக்கு.

பின்னாளில் ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம், மனதை வாட்டிய சம்பவத்தைப் பற்றி எழுத வைத்திருக்கிறார்கள். நடந்ததையும் அது தந்த வலியையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதிய கையோடு ரத்த அழுத்தம் கூடியது, மனமும் சோர்ந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் போனது குறைந்திருக்கிறது. பிபி ஏறும் என்பதை ஒளிக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உறவைப் பறிகொடுத்தவர்களை மட்டும் வைத்துப் பிற்பாடு செய்த ஆய்வுகளில் அவ்வளவு பலன் தெரியவில்லை என்றும் படித்தேன். இருக்கலாம். எழுதினால் துக்கம் ஆறிவிடும் என்று நானும் யாரிடமும் சொல்வதில்லை. எனக்கு ஆறவில்லை. நேரமும் தேதியும் கிடைத்தது, அவ்வளவுதான்.

அந்த டைரியில் ஒரு வரி இருக்கிறது. அம்மா போனதற்கு முந்தின நாளுக்கான பக்கத்தில், 'இரவு 7.35. அம்மா போன். எடுக்கவில்லை' என்று எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்து, மனசு தாங்காமல், 'எடுக்கவில்லை' மீது கோடு போட்டு 'எடுக்க முடியவில்லை' என்று எழுதினேன். இனிஷியல், தேதி. பிபிஇ கிட்டில் போனைத் தொட முடியாது, எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

முதல் வருஷத் திதிக்கு ஊருக்குப் போனபோது பஸ்ஸில் அதைப் புரட்டினேன். டியூட்டி எட்டு மணிக்கு. 7.35க்கு நான் கிட் போடவில்லை. உடை மாற்றும் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், திரையில் 'அம்மா' என்று வந்தது, காலையில் பேசிக்கொள்ளலாம் என்று லாக்கரில் வைத்துப் பூட்டினேன்.

பையில் பேனா இருந்தது. 'எடுக்க முடியவில்லை' மீது ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் 'எடுக்கவில்லை' என்று எழுதினேன். பஸ் குலுங்கியதில் இனிஷியல் மட்டும் கோணலாக விழுந்தது.