கை மறப்பதில்லை

குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி 1-ஆம் தேதி. அதற்கு முந்தைய மூன்று வாரம் ஊரில் எந்த டெய்லருக்கும் தூக்கம் கிடையாது. என் கடையில் மட்டும் சித்திரை பாதிக்கு மேல் புதுத்துணி வாங்குவதில்லை என்று போர்டு வைத்திருக்கிறேன். ராத்திரி கண் விழித்தால் எனக்கு வலிப்பு வரும்.

வலிப்பு என்றதும் கீழே விழுந்து கை கால் இழுப்பதுதான் எல்லோருக்கும் தெரியும். உடனே சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணிப்பார்கள். (இரும்பால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்தில் இருங்கள். 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.) எனக்கு வருவது பெரும்பாலும் வேறு மாதிரி. அடிவயிற்றிலிருந்து ஏதோ ஒன்று நெஞ்சுக்கு ஏறும், ராட்டினம் இறங்கும்போது வருமே, அது போல. அப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தவர்கள் சொல்லித்தான் மிச்சம் தெரியும்: கண் திறந்தே இருக்கும், உதட்டைச் சப்புக்கொட்டுவேன், இடது கை மடியிலிருக்கும் துணியை நூல் பிரிப்பது போலக் கிள்ளிக்கொண்டே இருக்கும். ஒன்றிரண்டு நிமிஷம்தான். எதிரே நிற்பவருக்கு நான் ஏதோ யோசிக்கிறேன் என்றுதான் படும். "பின்கழுத்து ஒரு இஞ்ச் இறக்கமா வைங்கக்கா" என்று அவர் அந்த நேரத்தில் சொல்லியிருப்பார். அது எனக்குள் போயே இருக்காது.

மறுநாள் வருவார். "இன்னாக்கா, நேத்துதானே அவ்ளோ தெளிவா சொன்னேன்?"

அந்த ஒன்றிரண்டு நிமிஷத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வலிப்பே வராத நாட்களிலும் மறதி இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என் மகள் யு.கே.ஜி. படித்தபோது ஏலகிரிக்குப் போயிருக்கிறோம். படகில் அவளை மடியில் வைத்துக்கொண்டு நான் சிரிக்கிற போட்டோ இருக்கிறது. அந்தப் புடவை நினைவிருக்கிறது, அந்த ஜாக்கெட்டை நானே தைத்தது நினைவிருக்கிறது. படகு இல்லை. மலை ஏறியது இல்லை. "அன்னிக்கு மழை வந்துச்சே, ஒரே குடையில மூணு பேரும் நின்னோமே" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். நான் தலையாட்டுவேன். தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன்.

சொற்களும் அப்படித்தான். ஒருநாள் கடைப்பெண்ணிடம் "அதை எடும்மா, அது, ஜாக்கெட்ல மாட்டுவோமே" என்று கையைக் காட்டிக்கொண்டே நின்றேன். ஊக்கு. 20 வருஷமாகத் தினமும் தைக்கிற ஊக்கு.

எனக்கு வலிப்பு ஆரம்பித்தது 19 வயதில். 11 வருஷம் ஒரே டாக்டர். ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி: "இந்த மாசம் எத்தனை வாட்டி வந்துச்சு?" எண்ணிக்கையைச் சொல்வேன், சீட்டு எழுதுவார். ஒருதரம் துணிந்து, மறதி ஜாஸ்தியாக இருக்கிறது சார் என்றேன். "டென்ஷன்மா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். சரி, மாத்திரைதான் மூளையை மழுங்கடிக்கிறது என்று நானே முடிவு கட்டி ஒருநாள் நிறுத்திவிட்டேன். நாலாவது நாள் பஸ் ஸ்டாண்டில் பெரிய வலிப்பு. முன்பல் இரண்டு போயிற்று, அதற்கு முந்தைய சில நாட்களின் நினைவும் போயிற்று. மறதிக்குப் பயந்து யாரும் மாத்திரையைத் தாமாக நிறுத்தாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

அதற்குப் பிறகுதான் வேலூருக்குப் போனேன். எம்.ஆர்.ஐ. படத்தில் இடது பக்கம் ஒரு இடத்தைக் காட்டினார்கள். ஹிப்போகாம்பஸ் என்று பெயர். கடல்குதிரை போல வளைந்திருப்பதால் வைத்த பெயராம். கேட்டதை, நடந்ததைப் புதிதாக மனதில் பதிய வைக்கிற இடம் அது. எனக்கு இடது பக்கத்தில் அது சுருங்கித் தழும்பாகிவிட்டது. ஒன்றரை வயதில் கடும் காய்ச்சலோடு அரைமணி நேரத்துக்கு மேல் இழுத்தது என்று அம்மா சொல்வாள். அதில் ஆரம்பித்திருக்கலாம் என்றார்கள். தழும்பு ஒரு காரணம். வலிப்பாக வெளியே தெரியாமல் மூளைக்குள் அவ்வப்போது தெறிக்கிற மின்பொறிகள் இன்னொரு காரணம். நான் தின்றுகொண்டிருந்த பினோபார்பிட்டோன் மாத்திரையும் யோசனையை மந்தப்படுத்தக்கூடியதுதான். அதைப் பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். தலைக்குள் இருந்த மார்கழி மூட்டம் பாதி விலகியது. மீதி அப்படியேதான் இருக்கிறது.

மாத்திரை மாற்றியும் மாதத்துக்கு ஒன்றிரண்டு வருவதால், போன வருஷம் ஆபரேஷன் பற்றிப் பேசினார்கள். அதற்கு முன்னால் ஞாபகசக்திப் பரிசோதனை. 24 வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் என் மறதியை உட்கார்ந்து அளந்தார். 15 சொற்களைத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டி, அரைமணி கழித்துக் கேட்டார்கள். 4 சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அப்புறம் கட்டமும் கோடும் வட்டமுமாக ஒரு சிக்கலான படத்தைப் பார்த்து வரையச் சொல்லி, பிறகு பார்க்காமலே வரையச் சொன்னார்கள். ஏறக்குறைய முழுசாகப் போட்டேன். பெரும்பாலானவர்களுக்குச் சொல் இடது பக்கத்தைச் சேர்ந்தது, உருவம் வலது பக்கத்தைச் சேர்ந்தது என்று விளக்கினார் அந்த அம்மா. அளவு ஜாக்கெட்டை ஒருதரம் விரித்துப் பார்த்தால் எனக்கு மறக்காது, வாயால் சொன்ன அளவு நிற்காது. ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

என் மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கரைப் பற்றி அவள்தான் சொன்னாள். 1953-இல், 27 வயதில், வலிப்புக்காக அவருக்கு இரண்டு பக்கமும் அந்த ஹிப்போகாம்பஸ் பகுதியை எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் 2008-இல் இறக்கும்வரை புதிதாக ஒருவரையும் ஒன்றையும் அவரால் நினைவில் வைக்க முடியவில்லை. மாண்ட்ரியலில் இருந்த பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: நட்சத்திரப் படத்தின் மேல், கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கொண்டு கோடு இழுக்க வேண்டும். நாளுக்கு நாள் கோடு சுத்தமாக வந்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் இதை இப்போதுதான் முதன்முதலாகச் செய்கிறேன் என்றே அவர் நினைத்தார். கைக்கு நினைவிருந்தது.

அதே மாண்ட்ரியலில் பென்ஃபீல்டு என்ற மூளை அறுவை டாக்டரிடம் பயிற்சி பெற்று வந்த ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் நம் வேலூர் சி.எம்.சி.யில் நாட்டின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கியவர். மொலைசனுக்குச் செய்ததை இன்றைக்கு யாரும் செய்வதில்லை. ஒரு பக்கத்தை மட்டும், எவ்வளவோ அளந்து பார்த்த பிறகுதான் எடுக்கிறார்கள். அதில் வலிப்பே நின்று நன்றாக இருப்பவர்கள் நிறையப் பேர். என் விஷயத்தில், இருக்கிற சொற்களிலும் கொஞ்சம் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார்கள். நான் இன்னும் முடிவெடுக்கவில்லை.

போன வாரம் ஒரு அம்மா வந்தார். "என்னைத் தெரியலையா? பொண்ணு கல்யாணத்துக்கு உங்ககிட்டதான் எட்டு ஜாக்கெட் தெச்சேன்." முகம் தெரியவில்லை, கல்யாணமும் தெரியவில்லை. பையிலிருந்து ஒரு மாம்பழக் கலர் பட்டு ஜாக்கெட்டை எடுத்தார், இறுக்கமாகிவிட்டதாம். வாங்கி உள்பக்கம் திருப்பினேன். அக்குளில் இரட்டைத் தையல், கழுத்துப் பட்டியைக் கைத்தையலால் மடித்த விதம், எல்லாம் என் கைதான். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் ஒரு இஞ்ச் துணி உள்ளே விட்டிருந்தேன்.

"பிரிச்சா சரியாயிடும்மா, செவ்வாய்க்கிழமை வாங்க" என்றேன். அவர் படி இறங்குவதற்குள் செவ்வாய்க்கிழமை என்று எழுதி ஜாக்கெட்டிலேயே குத்தி வைத்தேன்.