மூன்று டார்க் சோல்ஸ், திரும்பி நடக்க வேண்டிய தூரம்

நாலு மாதமாக டார்க் சோல்ஸ் வீடியோ கேம்கள் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக, டிஎல்சி என்ற கூடுதல் பகுதிகள் எல்லாம் சேர்த்து, முதலிலிருந்து ஆடி முடித்தேன். மூன்றுமே முன்பு ஆடியவைதான். ஆனால் நடுவில் வருடக்கணக்கில் இடைவெளி இருந்ததால், எது பிடித்தது எது பிடிக்கவில்லை என்பதெல்லாம் பாதி அந்தந்த வயசின் ஞாபகம். இந்தத் தடவை ஒன்றின் பழக்கம் கையை விட்டுப் போவதற்குள் அடுத்ததைத் தொட்டேன், வித்தியாசம் சட்டென்று பிடிபட்டது. மூன்றிலும் கஷ்டம் இருக்கிறது, ஆனால் அது ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கிறது. முதலாவதில் வழியில். இரண்டாவதில் மெல்ல மெல்லத் தேய்வதில். மூன்றாவதில் பாஸ் எனப்படும் பெரிய எதிரியின் அறைக்குள்.

2011-இல் வந்த முதல் டார்க் சோல்ஸைப் பற்றிப் பேசினால் எல்லாரும் ஆர்ன்ஸ்டைன், ஸ்மவ் என்ற இரட்டை பாஸ்களிடம்தான் போய் நிற்பார்கள். எனக்கு அந்த ஆட்டம் என்றால் ஆஷ் லேக் என்ற ஒளிந்திருக்கும் இடம். பிளைட்டவுன் என்ற பகுதியின் அடியில் அந்த விஷச் சதுப்பு இருக்கிறதே, அதன் ஓரத்தில் பெரிய மரம் ஒன்று. அதற்குள் பொய்ச்சுவர், அடித்தால் மறையும். உள்ளே ஒரு பெட்டி. பெட்டியை எடுத்த சந்தோஷத்தில் திரும்பிவிடுவோம் என்று தெரிந்தே அதற்குப் பின்னால் இன்னொரு பொய்ச்சுவர் வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் மரத்தின் வயிற்றுக்குள் கிளை கிளையாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கால் தவறினால் முடிந்தது. அடியில் போய்ச் சேர்ந்தால் சாம்பல் நிற ஏரி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தூண்கள் மாதிரி மரங்கள், பின்னணியில் கூட்டமாகப் பாடும் குரல்கள். முதல் தடவை பார்த்தபோது கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது, திரும்பி ஏற வேண்டும். பான்ஃபயர் என்பது இளைப்பாறும் நெருப்பு, செத்தால் எழுவதும் அங்கேதான். இந்த ஆட்டத்தில் அனோர் லாண்டோ என்ற நகரம் வரை போய் லார்ட்வெசல் என்ற பாத்திரத்தை வாங்கும் வரைக்கும் பான்ஃபயரிலிருந்து பான்ஃபயருக்குத் தாவ முடியாது. நான் இருந்ததோ உலகத்தின் அடிமட்டம். ஏறும் வழியில் பேசிலிஸ்க் என்ற பிராணி புகைவிட்டுச் சாபம் ஏறி, அங்கேயே செத்து, மறுபடி ஏரிக்கரையில் எழுந்தபோது உயிர்க்கோடு பாதிதான் இருந்தது. அந்தப் பாதி உயிரோடு அதே கிளைகளில் ஏறி, சதுப்பைக் கடந்து, தண்ணீர்ச் சக்கரத்தில் தொற்றி மேலே போய், நியூ லாண்டோ வழியாக லிஃப்ட் பிடித்து, ஆட்டத்தின் மையமான ஃபயர்லிங்க் வந்துசேர இரண்டு ராத்திரி ஆனது. வந்து பார்த்தால் ஃபயர்லிங்க்கில் நெருப்பு அணைந்து கிடக்கிறது. நானே சிறையிலிருந்து விடுவித்த லாட்ரெக், அங்கிருந்த தீக்காவல் பெண்ணைக் கொன்றுவிட்டுப் போயிருந்தான்.

எந்த ஆட்டத்திலும் எனக்கு அப்படி வயிற்றைப் பிசைந்ததில்லை. அந்த இடம் எனக்கு வீடாகியிருந்தது, ஏனென்றால் அதை விட்டு எவ்வளவு தூரம் போயிருக்கிறேன் என்று என் கைக்குத் தெரியும். பெயரைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால் வந்துவிடும் இடமாக இருந்திருந்தால், அங்கே நெருப்பு அணைந்ததைப் பார்த்து 'அடடா' என்று சொல்லிவிட்டு அடுத்த பான்ஃபயருக்குப் போயிருப்பேன். முதல் ஆட்டத்தின் மேதைமை என்று நான் நினைப்பது இதைத்தான். அன்டெட் பாரிஷ் என்ற பகுதியில் ஒரு லிஃப்டில் ஏறினால் அது நேராக ஃபயர்லிங்க்கில் வந்து இறக்கிவிடும் அந்த நொடிக்கு வரும் நிம்மதி, தாவும் வசதி கையில் இருந்தால் வராது.

லார்ட்வெசல் கிடைத்த பிறகு அதே ஆட்டம் தளர்கிறது, இதையும் சொல்லிவிட வேண்டும். நாலு திசையில் நாலு வழி, ஒவ்வொன்றும் முட்டுச்சந்து. லாஸ்ட் இசலித் என்ற பகுதி அரைகுறையாகத்தான் நிற்கிறது, அங்கிருக்கும் பாஸ் பெட் ஆஃப் கேயாஸோடு நடப்பது சண்டையே இல்லை, குழியில் விழாமல் குதிக்கும் சோதனை. எதிரியைக் குறிவைத்து லாக் செய்து உருண்டால் நாலே திசையில்தான் உருள முடியும், இன்றைக்கு ஆடுகிறவர்களுக்கு இது கட்டிப்போட்ட மாதிரி இருக்கும். பரவாயில்லை, முதல் பாதிக்காக இதையெல்லாம் நான் தாங்கிக்கொள்வேன்.

இரண்டாவது ஆட்டம் 2014. முதலாவதை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி அப்போது பிளட்போர்ன் என்ற வேறு ஆட்டத்தின் வேலையில் இருந்தார், இதை இயக்கியவர்கள் டொமோஹிரோ ஷிபுயாவும் யுய் டானிமுராவும். இதைக் கழித்துக்கட்டுவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. குறைகள் நிஜம்தான். உருளும்போது அடி படாமல் தப்பிக்கும் நேரத்தை அடாப்டபிலிட்டி என்ற திறன் எண்ணோடு கட்டிவைத்தது தப்பு, புதிதாக வருகிறவர்களுக்கு அது புரிவதற்குள் பாதிப்பேர் ஓடிவிடுவார்கள். காற்றாலைக் கோபுரத்தின் உச்சியில் லிஃப்ட் ஏறினால் எரிமலைக் குழம்பில் நிற்கும் இரும்புக்கோட்டை வருகிறது, வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கோபுரத்துக்கு மேல் வானம் மட்டும்தான். முதல் ஆட்டத்தின் வரைபடத்தை நேசித்த யாருக்கும் அது குத்தும்.

ஆனால் இந்த ஆட்டம் சொல்ல வந்தது மறதியைப் பற்றி, அதை விதிகளிலேயே சொல்கிறது. ஒவ்வொரு சாவுக்கும் உயிர்க்கோடு கொஞ்சம் குறையும், பாதி வரை போகும். ஆரம்பத்தில், உயிரை ஏற்றும் எஸ்டஸ் ஃப்ளாஸ்க்கில் ஒரே ஒரு மிடறு. பிறகு வந்த ஸ்காலர் பதிப்பில் ஒரு எதிரியை 12 தடவை கொன்றால் அவன் திரும்பி வருவதே இல்லை, நாம் செத்துச் செத்து நடந்த பாதை கடைசியில் வெறிச்சோடிப் போகும். லூக்கட்டியல் என்ற பெண் வீரரைச் சந்திக்கும் ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் கரைந்திருக்கும், கடைசியில் சொந்தப் பெயரைப் பிடித்துவைக்கவே போராடுவாள். மன்னன் வென்ட்ரிக்கைத் தேடித்தான் ஆட்டம் முழுக்க நடக்கிறோம். கல்லறைக்குள் போய்ப் பார்த்தால் அந்த மாபெரும் உருவம் கவசம்கூட இல்லாமல், தன்னை மறந்து, வாளை இழுத்துக்கொண்டு வட்டமாக நடந்துகொண்டிருக்கிறது. நாம் அடித்தாலும் உடனே திரும்பிப் பார்ப்பதில்லை. மூன்று ஆட்டத்திலும் ஒரு ராஜாவின் வீழ்ச்சியை இவ்வளவு கூச்சமில்லாமல் காட்டிய இடம் வேறு இல்லை. அப்புறம் மஜூலா, நாம் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் ஊர். அந்தக் கடலோரத்து அந்தி வெளிச்சம்.

ஆனால் இதில் முதல் பான்ஃபயரிலிருந்தே தாவலாம். அதனால் மஜூலா எவ்வளவு அழகாக இருந்தாலும், வீட்டுக்கு வந்துவிட்டோம் என்ற மூச்சு வரவில்லை.

2016-இல் வந்த மூன்றாவதைப் பற்றி என் தம்பிதான் எழுத வேண்டும், அவன் ஆரம்பித்ததே அதில்தான். "அக்கா, பாஸ்கிட்ட ஓடிப்போற நேரமெல்லாம் வேஸ்ட்தானே, சண்டைதான கேம்?" என்பான். மூன்றாவது ஆட்டம் அவன் பக்கம்தான். வோர்ட் என்ற பாஸைக் கொன்றதும் ஒரு பான்ஃபயர், அடுத்த சில நிமிடத்தில் இன்னொன்று. கதீட்ரல் மட்டும் விதிவிலக்கு, ஒரே பான்ஃபயரைச் சுற்றிக் கதவு கதவாகத் திறந்துகொண்டு வரும்போது பழைய சுகம் எட்டிப் பார்க்கும். மற்றபடி நேர்கோடு.

ஆனால் சண்டை என்று வந்தால் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்காது. சிஸ்டர் ஃப்ரீடா என்ற பாஸ் இரண்டு தடவை செத்து மூன்றாவது தடவை கறுப்பு நெருப்போடு எழும்போது, கையில் எஸ்டஸ் எதுவும் மிச்சமில்லாமல், சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. 2017-இல் வந்த ரிங்டு சிட்டி டிஎல்சியின் கடைசியில் ஒரு சாம்பல் பாலைவனத்தில் கேல் என்ற கிழட்டு அடிமை வீரனோடு நடக்கும் சண்டையில் ஒவ்வொரு வெட்டும் எங்கிருந்து வருகிறது என்று தெரியும், தெரிந்தும் அடி வாங்குவோம், தப்பு நம்முடையது என்று தெளிவாக இருக்கும். மூன்றாவதின் கடைசி பாஸ் சோல் ஆஃப் சிண்டரின் இரண்டாம் கட்டத்தில், முதல் ஆட்டத்தின் கடைசி பாஸ் க்வின்னோடு சண்டையிட்டபோது கேட்ட அந்தப் பியானோ மெட்டு மெல்ல எழும். மூன்றையும் வரிசையாக ஆடிவந்தவர்களுக்கு அங்கே கை நடுங்காமல் இருக்காது. எனக்கு நடுங்கியது, அந்த முயற்சியில் தோற்றேன்.

ஆக, சண்டைக்கு மூன்றாவது. துக்கத்துக்கு இரண்டாவது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன். தம்பி இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான். போன வாரம்தான் ரீமாஸ்டர்ட் என்ற புதுப்பித்த பதிப்பை வாங்கி முதலாவதை ஆரம்பித்திருக்கிறான், அடிக்க வேண்டிய இரண்டு மணிகளில் முதலாவதை அடித்துவிட்டான். நேற்று ராத்திரி ஃபோன் செய்து, சதுப்பில் இறங்கிவிட்டதாகவும், விஷம் ஏறிக்கொண்டே இருப்பதாகவும், இங்கே பான்ஃபயர் எங்கே என்றும் கேட்டான். அந்தச் சாக்கடைக் குழாய்க்குள் இருப்பதைச் சொன்னேன். ஓரத்தில் நிற்கும் பெரிய மரத்தைப் பற்றி அவன் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.