ஏப்ரம்ஸ் டாங்கியின் குண்டறைக் கதவு

அமெரிக்காவின் எம்1 ஏப்ரம்ஸ் டாங்கியில் பெரும்பாலான குண்டுகள் பீரங்கி பொருத்திய சுழலும் கோபுரத்தின் பின்னறையில் இருக்கும். குண்டு நிரப்புபவர் முழங்காலால் சுவிட்சை அழுத்தினால் இரும்புக் கதவு திறக்கும். காலை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும். அந்த அறை தீப்பற்றினால் மேல்தகடுகள் பிய்த்துக்கொண்டு போய், நெருப்பு வானத்தை நோக்கிச் சீறும். கதவு மூடியிருந்தால் டாங்கிக்குள் இருப்பவர்கள் பிழைப்பார்கள். கதவு திறந்து கிடந்தால் அதே நெருப்பு அவர்கள் மேல்தான் பாயும். சீக்கிரம் நிரப்பலாமே என்று கதவைத் திறந்தே வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது.

தீயணைப்புக்கு ஹாலான் வாயு. உணரி தீயைக் கண்டதும் நொடியின் கால்பங்குக்குள் பீய்ச்சிவிடும். ஆனால் உணரியின் கண்ணாடியில் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்தால் அதற்குக் கண் தெரியாது. புறப்படுமுன் அதைத் துடைத்தே ஆக வேண்டும்.