பீர்க்கன் விதை முளைத்தது, பலாக்கொட்டை முளைக்கவில்லை

தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30 காலையில். பண்ருட்டிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் தாத்தா வைத்த பலா அன்று வேரோடு சாய்ந்தது. மரம் போனாலும் கொட்டை இருக்கிறது என்று நான் தைரியமாக இருந்தேன். அந்த ஆனி மாதம் அதன் பழத்திலிருந்து எடுத்த நாற்பது கொட்டைகளை முற்றத்தில் பத்து நாள் காயவைத்து, சாம்பல் பிசறி, அம்மாவின் விதைப் பானையில் பீர்க்கன் விதையோடு வைத்திருந்தேன். தை பிறந்ததும் இரண்டையும் அடுத்தடுத்த பாத்தியில் ஊன்றினேன்.

ஒரு வாரத்தில் பீர்க்கன் முளைத்துவிட்டது. பலாப் பாத்தியில் ஒரு மாதம் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தோண்டிப் பார்த்தேன். மேல்தோல் சருகாகக் கழன்றது. உள்ளே பருப்பு பழுப்பேறி, விரல் பட்டதும் புளித்த மாவைப் போல வழிந்தது. நாற்பதும் அப்படித்தான். அம்மா பார்த்துவிட்டு, “பலாக்கொட்டை காய்ந்தால் குழம்புக்குத்தான் ஆகும், மரத்துக்கு ஆகாது” என்றார். முன்பே கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஒரே வெயில், ஒரே சாம்பல், ஒரே பானை. ஒன்று பிழைத்தது, மற்றொன்று செத்தது. ஏன் என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. அன்று படிக்கத் தொடங்கியவள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

விதைக்கு விட்ட பீர்க்கங்காய் கொடியிலேயே முற்றி, நாராகி, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும் அல்லவா? வெயில் அதைக் காயவைப்பதாகத்தான் நினைத்திருந்தேன். காய்வதற்கான ஏற்பாட்டை விதை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. சாதாரணமாக ஓர் உயிரணுவிலிருந்து நீர் போனால் அதன் சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிகின்றன, புரதங்கள் கட்டிதட்டிப் போகின்றன. பறித்த கீரை வாடிச் சாவது இப்படித்தான். விதையோ முற்றும்போதே நீரின் இடத்தில் உட்காரச் சர்க்கரைகளைச் சேர்த்து வைக்கிறது. புரதங்களைக் கட்டிதட்டாமல் காக்கவென்று தனியாகச் சில புரதங்களையும் செய்துகொள்கிறது. இந்தக் காவல் புரதங்களை முதலில் அடையாளம் கண்டது பருத்தி விதையில்.

அந்தச் சர்க்கரை எப்படி இறுகுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சர்க்கரைப் பாகைப் பொறுமையாக விட்டால் கல்கண்டு விளையும். வெல்லப் பாகை முற்றக் காய்ச்சி ஆறவிட்டால் கமர்கட்டு. அதில் கட்டிக் கட்டியாகப் படிகம் இல்லை, பாகு அப்படியே உறைந்து நிற்கிறது. விதைக்குள் நடப்பது கமர்கட்டு வழி. நீர் குறையக் குறைய உள்ளிருக்கும் சாறு கண்ணாடியாக இறுகி, எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே பிடித்து வைக்கிறது. கல்கண்டாகிவிடாமல் பார்த்துக்கொள்ள ராஃபினோஸ் போன்ற சர்க்கரைகள் உதவுவதாகச் சொல்கிறார்கள். பயறு வகைகளைத் தின்றால் வயிறு உப்புவதற்குக் காரணமான அதே ராஃபினோஸ்தான்.

ஈரம் ஏறினால் கமர்கட்டு பிசுபிசுத்துப் போவதைப் போல இந்தக் கண்ணாடியும் இளகும், விதை மூப்படையும். சேமித்த விதையில் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்று ஒரு கணக்கு உண்டு. கடற்காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் விதைச் சுரைக்காயை அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டதன் அருமை இதைப் படித்த பிறகே எனக்குப் புரிந்தது. இஸ்ரேலில் மசாடா கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான பேரீச்சங்கொட்டை 2005இல் முளைத்தது. மழை அரிதான பாலைவனம் அது.

இந்தக் காப்பு முளை வரும் வரைதான். ஒரு வருடம் அப்பா நெல்லை ஊறவைத்து மூட்டம் போட்டு முளைகட்டிவிட்டார். விடாத மழையில் நாற்றங்கால் மூழ்கிவிட, முளைவிட்ட நெல்லைத் திண்ணையில் பரப்பினார். வேர் நீண்ட விதைக்குக் காயும் வித்தை மறந்துவிடும். நான்காம் நாள் அதைக் கோழிக்குப் போட்டார்.

பலா அந்த ஏற்பாட்டை முழுதாகச் செய்துகொள்வதே இல்லை. மாங்கொட்டையும் அப்படித்தான். 1973இல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட்ஸ் இவற்றுக்கு வைத்த பெயருக்கு ‘அடங்காதவை’ என்று பொருள். எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடு இல்லை. பலாவின் பூர்வீகம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடு. அங்கே பழம் விழும்போது மழையும் வந்துவிடும். கீழே ஈர மண் காத்திருக்கிறது. காய்ந்து கிடக்க வேண்டிய அவசியமே அதற்கு நேரவில்லை. பிச்சாவரத்துக்குப் போனால் இன்னும் ஒரு படி மேலே பார்க்கலாம்: சுரபுன்னை மரத்தில் தொங்கும்போதே முளைத்துவிடுகிறது, வெண்கண்டல் சேற்றில் ஒதுங்கிய சில நாளில் வேர் பிடிக்கிறது.

அடுத்த வைகாசியில் பெரியம்மா வீட்டுப் பழத்தை வாங்கி வந்து, சுளை பிரித்த அன்று மாலையே, வழுவழுப்பைக் கழுவிவிட்டுப் பன்னிரண்டு கொட்டைகளைச் செம்மண் பையில் ஊன்றினேன். ஒன்பது வந்தன. இரண்டு இப்போது தாத்தாவின் மரம் இருந்த குழிக்கு அருகில் காய்க்கின்றன. சுளை நன்றாக இருக்கிறது, ஆனால் இது பெரியம்மா வீட்டுச் சுளை. தாத்தா மரத்தின் சுளை இதைவிடச் சின்னது, நிறமும் வெளிறியிருக்கும்.